மூன்றாவது சரணத்தில் ஒரு சாக்கடை

"யாரு தம்பி அது, காலையிலேருந்து திட்டிகிட்டே இருக்கான்?"

எதிர் வீட்டுச் சடையப்பன் மாடிப்படி ஏறி வந்து கேட்டபோது தமிழ்மணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். எதிரே லேப்டாப்பில் ஓர் ஆங்கிலப் பாட்டு எத்தனையாவது முறையாகவோ ஓடிக்கொண்டிருந்தது. தாளத்துக்கு அவன் தலை மட்டும் மேலும் கீழும் போய் வந்தது.

"திட்டல ஐயா. பாடறான்."

"பாடறானா? மாடியில அடிதடின்னு சொல்லி கீழ தங்கம்மா கேட்டப் பூட்டிட்டா."

சத்தத்தைக் குறைத்திருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தமிழ்மணி வாத்தியார். சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறான். வாத்தியாரிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அவரால் பதிலோடு நிறுத்திக்கொள்ள முடியாது. சடையப்பனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான்.

அவனுக்கும் காரணம் இருந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் தற்காலிகம்தான். வெள்ளிக்கிழமை கல்லூரியில் நடக்கும் விழாவில் ஏதாவது ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு ரசனை உரை நிகழ்த்தச் சொல்லியிருந்தார் தாளாளர் ராஜமாணிக்கம். உரை நன்றாக இருந்தால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் மஞ்சக்குப்பத்தின் இந்தச் சுப்பராயலு சந்தை விட்டு வேறு வீடு போகலாம். இந்தச் சந்தில் இன்னொரு மழைக்காலத்தைப் பார்க்க முடியாது, அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி இளவரசி சொல்லிவிட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

"இது அமெரிக்காவுல ஒரு ஏழைப் பையன் பாடினது ஐயா. நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த பாட்டு. பெரிய நகரத்துல ஒரு பாழடைஞ்ச தெரு. அங்க அவன் படற பாடுதான் பாட்டே."

"ம்."

"மொதல் சரணத்துல சொல்றான், எங்க தெருவுல கம்பம் இருக்கு, வெளக்குதான் இல்ல. என் காலடிச் சத்தத்த வச்சுதான் நான் வரேன்னு எங்கம்மா கண்டுபிடிக்கிறா."

"அட பாவமே."

"ரெண்டாவது சரணம். கொழாயத் தொறந்தா தண்ணி வரல, கொழாய் இருமுது. கவனிங்க, இருமுது. கொழாய மனுஷனாக்கிட்டான் பாருங்க."

சடையப்பன் கவனித்தார்.

"மூணாவது சரணத்துல சாக்கடை வருது. வாசலோட நிக்காம உள்ள வந்து, விருந்தாளி மாதிரி கால நீட்டிப் படுத்துக்குது. நாலாவதுல போலீஸ் வருது. தெருமொனையில சும்மா நிக்கிற பசங்கள செவுத்துப் பக்கம் திருப்பி பாக்கெட்டத் தடவுது. பாக்கெட்டுல என்ன இருக்கு? ஓட்டைதான் இருக்கு."

இந்த இடத்தில் தமிழ்மணிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமையும் இதே இடத்தில் இப்படியே அடைத்தால் நன்றாயிருக்கும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டான்.

இளவரசி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலையில் தங்கையின் வளைகாப்புக்காகச் சேத்தியாத்தோப்பு கிளம்ப வேண்டும். பை பாதி கட்டியபடி கிடந்தது.

"ஏங்க, அந்த ஆளு இதெல்லாம் யாருகிட்ட சொல்றான்?"

"உலகத்துகிட்ட."

"உலகத்துல யாருகிட்ட?"

"கலைய அப்டியெல்லாம் கேக்கக் கூடாது இளவரசி," என்று தமிழ்மணி சிரித்தான். அவள் கரண்டியோடு உள்ளே போனாள். அன்று சாம்பாரில் உப்பு ஜாஸ்தி.

சடையப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் நடைப்பயிற்சிக்குப் போவார்கள். சடையப்பன் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போவார். தன் மனு, பக்கத்து வீட்டு மனு, வழியில் பார்த்தவர் மனு என்று யாருடையதாக இருந்தாலும் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வருவார். ஒரு திங்கட்கிழமை தவறினாலும் அவருக்குச் செவ்வாய்க்கிழமை வயிறு சரியிருக்காது.

செவ்வாய்க்கிழமை தமிழ்மணி சிதம்பரம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"தமிழ்மணிங்களா? நேத்து ஒரு மனு குடுத்திருக்கீங்க."

"நானா?"

"உங்க பேரு, உங்க நம்பரு. கொழாய் இருமுதுன்னு எழுதியிருக்கீங்க. இத தண்ணிப் பிரிவுக்கு அனுப்பறதா, சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பறதான்னு தெரியல. அதான் கேக்கலாம்னு."

தமிழ்மணி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். "வேற என்ன எழுதியிருக்கு?"

"கம்பம் இருக்கு, வெளக்கில்ல. சாக்கடை விருந்தாளி மாதிரி கால நீட்டிப் படுத்துக்குது. போலீஸு பசங்க பாக்கெட்டத் தடவுது. இது ஸ்டேஷனுக்குப் போயிடும். படிக்க நல்லா இருக்கு சார். நீங்க எழுத்தாளருங்களா?"

தமிழ்மணிக்குப் புரிந்துவிட்டது. மனுக் கிழவர் பாட்டை மனுவாக்கிவிட்டார்.

அவன் பயந்தது சர்க்காருக்கு அல்ல, ராஜமாணிக்கத்துக்கு. தாளாளருக்கு மனு என்ற சொல்லே ஆகாது. கல்லூரி வாசலில் பஸ் நிற்க வேண்டும் என்று மனுக் கொடுத்த ஒரு கணக்கு வாத்தியாரை அவர் மறுநாளே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். "இன்னைக்கி கவர்மெண்டு மேல குடுப்பான், நாளைக்கி நம்ம மேல குடுப்பான்" என்பது அவர் கொள்கை. வெள்ளிக்கிழமைக்குள் மனுவைப் புதைத்தாக வேண்டும்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் சடையப்பனைப் பிடித்தான்.

"ஐயா, என் பேர்ல மனு குடுத்தீங்களா?"

"குடுத்தேனே. ரசீது பத்திரமா இருக்கு, தரட்டுமா?"

"ஏன் ஐயா என் பேர்ல?"

"வாத்தியார் பேருன்னா ஒரு மதிப்பு தம்பி. என் பேரப் பாத்தா பிரிக்காமலே கட்டி வச்சிடறாங்க."

"அதப் போய் மனுவா குடுக்கலாமா? அது ரசிக்கறதுக்குங்க."

"கஷ்டத்தயா?"

"கஷ்டத்தச் சொன்ன விதத்த."

"நல்லாதான் சொல்லியிருந்துச்சி. படிச்சிட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சி," என்றார் சடையப்பன். இவரிடம் பேசிப் பயனில்லை என்று தமிழ்மணி மாடி ஏறிவிட்டான்.

இரவில் இளவரசி போன் செய்தாள். வளைகாப்புக் கதையெல்லாம் சொல்லிவிட்டு, "அங்க ஒண்ணும் விசேஷம் இல்லியா? யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாள். ஊருக்குப் போனவளைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று, "ஒருத்தரும் வரல, நீ நிம்மதியா இரு" என்றான் அந்த உத்தமன்.

புதன்கிழமை கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, மனு போய்ச் சேர்ந்த அலுவலகத்துக்குப் போனான். பிரிவுத் தலைவி ஆரோக்கியம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"மனுவ வாபஸ் வாங்கணும் மேடம்."

"வாபஸ் வாங்கறதுக்கு ஒரு மனு குடுங்க. காரணம் எழுதணும்."

"அது மனுவே இல்ல மேடம். பாட்டு."

"பாட்டுன்னு நான் எப்டி நம்பறது?"

தமிழ்மணி போனை எடுத்துப் பாட்டைப் போட்டான். தாளம் ஆரம்பித்ததும் பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். இரண்டாவது நிமிடத்தில் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவன் வரிக்கு வரி நிறுத்தி அர்த்தம் சொன்னான். தண்ணிப் பிரிவு இன்ஜினீயர் கதிரவன் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"நம்ம டிபார்ட்மெண்டு எங்க வருது?"

"ரெண்டாவது சரணம் சார்."

"நம்மளது?" என்றார் சுகாதார ஆய்வாளர் நாசர்.

"மூணாவது முழுக்க நீங்கதான் சார்."

நாசர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. பாட்டில் தன் இலாகா வந்த சந்தோஷம்.

"அப்ப கொறை எல்லாம் அமெரிக்காவுல இருக்கு. நம்ம எல்லையில இல்ல," என்று கதிரவன் தீர்ப்புச் சொன்னார். இத்தனை வருஷ சர்வீஸில் எந்தப் புகாரும் இவ்வளவு தூரத்திலிருந்து வந்ததில்லை. அவர் முகமே தெளிந்துவிட்டது.

தமிழ்மணி கும்பிடு போட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் ஆரோக்கியம்மாள் காது கூர்மையானவர்.

"கடைசியா ஒரு சரணம் ஓடுச்சே, நீங்க அர்த்தம் சொல்லல?"

"அதுவா மேடம், பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுதாம். பசங்க கணக்குப் பாடத்த விட்டுட்டு மழைத்துளிய எண்ணுதுங்க." சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கியது.

"கல்வித் துறை," என்று சொல்லிக்கொண்டே ஆரோக்கியம்மாள் எழுதினார். "மனுவுல விட்டுப் போயிருக்கு. சேத்துட்டேன். இத்தன டிபார்ட்மெண்டு வந்துட்டா நேர்ல பாக்காம முடிக்க முடியாது. நாளைக்கி வருவாங்க, வீட்ல இருங்க."

வெளியே வந்ததும் மறுபடி போன். இந்தக் குரலுக்குத் தொப்பி இருந்தது.

"ஸ்டேஷன்லேருந்து பேசறேன். உங்க பாக்கெட்டத் தடவுனது யாரு?"

"என் பாக்கெட்ட இல்ல சார். அவன் பாக்கெட்ட."

"அவன் எங்க இருக்கான்?"

"அமெரிக்காவுல சார்."

"தப்பிச்சுப் போயிட்டானா?"

"இல்ல சார், அவன் அந்த ஊருதான்."

"உங்களுக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு?"

"ரசிகன் சார்."

அந்தப் பக்கம் பேனா எழுதும் சத்தம் கேட்டது. "எத்தன வருஷமா?"

"காலேஜ் படிக்கறப்பலேருந்து."

"பேச்சப் பாத்தா படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க. நாளைக்கி ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட எல்லாத்தையும் எழுத்துல குடுத்துடுங்க. கொறை எதுவும் இல்லன்னு தெளிவா இருக்கணும். இல்லன்னா காலேஜுக்கே வந்து விசாரிக்கற மாதிரி ஆயிடும்."

காலேஜ் என்ற வார்த்தையைக் கேட்டதும் தமிழ்மணி போனுக்கே ஒரு கும்பிடு போட்டு, குடுத்துடறேன் சார் என்றான்.

வியாழக்கிழமை காலையில் நாசரும் கதிரவனும் வந்தார்கள். சுப்பராயலு சந்தில் நடக்கிறவர்கள் தரையைப் பார்த்து நடப்பதில்லை, பலகையைப் பார்த்து நடப்பார்கள். சந்து முழுக்கச் சாக்கடை மேல் பலகை போட்டிருக்கும். குடியிருப்பவர்களுக்கு எந்தப் பலகை ஆடும் என்று தெரியும். கதிரவனுக்குத் தெரியவில்லை. ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது.

"சார், இங்கயும் சாக்கடை இருக்கே," என்றார் அவர் காலை இழுத்துக்கொண்டே.

தமிழ்மணிக்குக் கண் முன்னால் ராஜமாணிக்கம் தெரிந்தார். "அது வேற சார். பாட்டுல வர்ற சாக்கடை வேற."

"எப்டி சொல்றீங்க?" என்றார் மூக்கில் கைக்குட்டையை அழுத்தியிருந்த நாசர்.

"அது வீட்டுக்குள்ள வரும் சார். இது வாசலோட நின்னுடும்."

சரியாக அப்போது கீழ் வீட்டின் உள்ளேயிருந்து தங்கம்மாள் விளக்குமாற்றால் கறுப்புத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தண்ணீரோடு ஒரு செருப்பும் வந்தது.

"வீடு கழுவறாங்க சார். சுத்தம் பாக்கறவங்க," என்றான் தமிழ்மணி.

கதிரவன் மேலே பார்த்தார். "கம்பத்துல வெளக்கு இல்லியே?"

"பகல்ல எதுக்கு சார் வெளக்கு?"

இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு ஒத்துழைக்கிற பொதுமக்களை அவர்கள் கண்டதில்லை. இதற்குள் தெருமுனை டீக்கடை ஆண்டி அவர்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"சார், ஒரு வாரமா தண்ணி வரல. கொழாயத் தொறந்தா வெறும் காத்துதான் வருது."

"அது ரெண்டாவது சரணம்," என்றார் கதிரவன். "முடிச்சாச்சு."

"இன்னா முடிச்சாச்சு?"

"அமெரிக்காவுலதான் வரலியாம். வாத்தியார் சொல்லிட்டாரு."

ஆண்டி தமிழ்மணியைப் பார்த்தார். தமிழ்மணி பலகையைப் பார்த்தான். டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, அமெரிக்காவிலேயே வரவில்லை என்றால் நாம் என்ன செய்வது என்று முணுமுணுத்தபடி திரும்பிப் போனார்.

மாடியில் உட்கார்ந்து நாசர் சொல்லச் சொல்லத் தமிழ்மணி எழுதினான். மனுவில் கண்ட குறைகள் அனைத்தும் அமெரிக்க நாட்டைச் சேர்ந்தவை. எங்கள் சந்தில் விளக்கு, தண்ணீர், வடிகால் ஆகியவற்றில் எந்தக் குறையும் கிடையாது. இனிமேலும் இருக்காது. கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர் கதிரவன். தமிழ்மணி கையெழுத்துப் போட்டான். அதிகாரிகள் இருவரும் பாட்டை இன்னொரு முறை கேட்டு, போனில் ஏற்றிக்கொண்டு, மிகுந்த ரசனையோடு இறங்கிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் உரை பிரமாதமாக நடந்தது. தமிழ்மணிக்கு நாலாவது சரணத்தில் தொண்டை அடைத்தது, கடைசிச் சரணத்தில் கண் கலங்கியது. முன் வரிசையில் ராஜமாணிக்கம் கைக்குட்டையை எடுத்தார். தும்மத்தான் எடுத்தார் என்றாலும் பார்க்க நன்றாயிருந்தது.

விழா முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார். "நல்ல கஷ்டம்யா. ஏழைங்க கஷ்டம்னா இப்டிதான் இருக்கணும், நமக்குத் தொந்தரவு இல்லாம. உன்ன பர்மனெண்ட் பண்ணிட்டேன்."

"ரொம்ப நன்றிங்க ஐயா."

"சம்பளம் மட்டும் இப்போதைக்கி அதேதான். அப்பறம் பாக்கலாம்."

அப்புறம் என்றால் எப்போது என்று கேட்கும் துணிச்சல் தமிழ்மணிக்கு இல்லை. அதே சம்பளத்தில் வேறு வீடு பார்க்க முடியாது என்பது பஸ் புவனகிரி தாண்டும்போதுதான் உறைத்தது. பரவாயில்லை, நிரந்தரம் நிரந்தரம்தான், இளவரசியிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். அவளும் இன்று மாலை வருகிறாள். ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டான்.

சுப்பராயலு சந்தின் முனையில் கூட்டமாக இருந்தது. ஒரு லாரி நிறையப் பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்கள். அதன் பின்னால் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜேசிபி. இரண்டும் உள்ளே போகாமல் முனையிலேயே திரும்புவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தன.

"என்னங்க இது?" என்று லாரி டிரைவரைக் கேட்டான்.

"கால்வா தோண்டி பைப்பு போட ஆர்டர் வந்துச்சி சார், வந்தோம். இந்தத் தெருவுல ஒண்ணும் கொறை இல்லன்னு இப்பதான் போன் வந்துச்சி, போறோம்."

ஓரமாகச் சடையப்பன் நின்றிருந்தார். ஒரு வாரத்துக்குள் அவருக்குப் பத்து வயது கூடியிருந்தது.

"இத்தினி வருஷத்துல இப்பதான் தம்பி மொத மொறையா வந்தானுவ. நீங்க எழுதிக் குடுத்த காயிதத்தால திரும்பறானுவ."

சொந்தத் தெருவின் சாக்கடையைத் தன் கையெழுத்தால் மூடி மறைத்தது தமிழ்மணிக்கே இப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் அவனுக்குக் கோபமும் கூடவே வரும்.

"எல்லாம் உங்களாலதான் ஐயா. நான் பாட்டுக்கு ரசிச்சிகிட்டு இருந்தேன். ஒரு நல்ல பாட்டப் போய் நீங்க மனுவா எழுதினீங்க, என் வேலைக்கே ஒல வக்கப் பாத்தீங்க. நான் வேற என்ன செய்வேன், சொல்லுங்க."

சடையப்பன் லாரியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பையோடு இறங்கிய இளவரசி லாரியையும் குழாய்களையும் ஜேசிபியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்த மாதிரி கல்யாணத்தன்று கூட மலரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்து வந்தாள்.

"நான் எங்க தம்பி எழுதினேன், கொண்டுபோய்க் குடுத்ததோட சரி," என்றார் சடையப்பன். "உங்க பாட்டக் கேட்டுட்டு நம்ம சந்தப் பத்தி மனு எழுதினது, அதோ சிரிச்சிகிட்டு வருதே உங்க வீட்டுப் பொண்ணு, அதுதான்."